ஒரு கோல்ஃப் ஹோலின் வடிவமைப்பை விமர்சிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்டம் முடிந்து வந்து உட்கார்ந்ததும் "ஏழாவது ஹோல் அருமை", "பதினாலாவது மட்டம்" என்று பேசிக்கொள்வது எல்லா மைதானத்திலும் வழக்கம். ஏன் அருமை, ஏன் மட்டம் என்று கேட்டால் பெரும்பாலும் அன்றைய ஸ்கோரில்தான் பேச்சு போய் நிற்கும். ஸ்கோரைத் தள்ளி வைத்துவிட்டு நிலத்தையும், அதை வடிவமைத்தவர் என்ன நினைத்தார் என்பதையும் படிக்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஹோல் என்று இங்கே சொல்வது டீ (முதல் அடி அடிக்கும் இடம்) முதல் கிரீன் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) வரையிலான முழுப் பகுதியை. கொடி நிற்கும் துளையைக் குழி என்கிறேன். தூரம் எல்லாம் கெஜத்தில்.

ஒரு ஹோல் நன்றாக அமைந்திருக்கிறது என்று எதை வைத்து முடிவு செய்வது?

டீயில் நிற்பவருக்கு யோசிக்க ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். எந்தப் பக்கம் போனால் அடுத்த அடி சுலபமாகும், அந்தப் பக்கம் போக எவ்வளவு துணிய வேண்டும், துணியாதவருக்கு வேறு வழி உண்டா? இந்த மூன்றுக்கும் ஹோல் பதில் வைத்திருந்தால் அது நல்ல ஹோல். "நேராக அடி, தப்பினால் தொலைந்தாய்" என்பதைத் தவிர எதுவும் சொல்லாத ஹோல் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்குச் சாதாரணம்தான்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முந்நூறு கெஜம் அடிக்கிறவருக்கும் நூற்றெழுபது கெஜம் அடிக்கிறவருக்கும் ஒரே ஹோலில் வெவ்வேறு கேள்வி எழ வேண்டும். ஒருவருக்கு மட்டும் கேள்வி எழுந்து, மற்றவருக்குத் தண்டனை மட்டும் மிஞ்சினால் வடிவமைத்தவர் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார்.

பார்வையை எங்கிருந்து தொடங்குவது? டீயிலிருந்தா?

கிரீனிலிருந்து. முதல் தடவை ஆடும்போது டீயிலிருந்து பார்ப்பது இயல்புதான். விமர்சனம் எழுத வேண்டுமானால் கிரீனில் நின்று பின்னால் திரும்பிப் பாருங்கள். கிரீன் எந்தத் திசையில் நீண்டிருக்கிறது, எந்தப் பக்கம் சரிகிறது, வாசல் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பது தெரிந்தால் ஃபேர்வேயில் (டீக்கும் கிரீனுக்கும் நடுவே புல் வெட்டிய ஆடுபாதை) எங்கே நிற்பது லாபம் என்பதும் தெரியும். அந்த இடத்துக்கு வர டீயிலிருந்து என்ன விலை கொடுக்க வேண்டும் என்பது அடுத்த படி.

இதற்கு ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸின் 17-வது ஹோலைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. ரோடு ஹோல் என்பது அதன் பெயர். கிரீன் நீளமானது, குறுகலானது, வருகிறவருக்குக் குறுக்காகச் சாய்ந்து கிடக்கிறது. முன்னால் இடப்பக்கத்தைக் குடைந்துகொண்டு ஓர் ஆழமான பங்கர், அதாவது மணல் பள்ளம். பின்னால் சாலை, சாலையைத் தாண்டிக் கல் சுவர். இப்போது கிரீனில் நின்று திரும்பிப் பாருங்கள். ஃபேர்வேயின் வலது ஓரத்திலிருந்து வந்தால் கிரீன் நீளவாக்கில் திறக்கிறது, பங்கர் கொஞ்சம் விலகிக்கொள்கிறது. இடது பக்கத்திலிருந்து வந்தால் கொடிக்கும் உங்களுக்கும் நடுவில் பங்கர் வந்துவிடும். அதைத் தாண்டி அடித்தால் பந்து நிற்கப் போதிய இடமில்லை, சாலைக்கு ஓடிவிடும். ஆகவே வலது ஓரம் வேண்டும். அந்த வலது ஓரத்தில்தான் ஹோட்டலும் எல்லைக்கோடும் இருக்கின்றன. டீயிலிருந்து ஹோட்டலின் கொட்டகை முனைக்கு மேலே பந்தைத் தூக்கி அடித்தால்தான் அங்கே வர முடியும். கொஞ்சம் அதிகமாக வலப்பக்கம் போனால் பந்து மைதானத்துக்கு வெளியே.

கிரீன் கேட்கும் கேள்வியை டீயிலேயே எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. நல்ல வடிவமைப்பு என்று நான் சொல்வது இதைத்தான். துணிவில்லாதவருக்கும் வழி இருக்கிறது: இடப்பக்கம் பத்திரமாக அடித்து, இரண்டாவது அடியில் கிரீனுக்கு முன்னால் வலப்பக்கம் நிறுத்தி, அங்கிருந்து உருட்டி ஏற்றி நான்கோ ஐந்தோ எடுக்கலாம். பேராசைப்பட்டவர்களின் கதையும் நிறைய. 1978 பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில் ஜப்பானின் டாமி நாகாஜிமா இரண்டே அடியில் கிரீனுக்கு வந்துவிட்டார். அங்கிருந்து பட்டரால் (பந்தை உருட்டும் மட்டை) தட்டிய பந்து சரிவில் உருண்டு பங்கருக்குள் விழுந்தது. அதிலிருந்து வெளியே வர நான்கு அடி, மொத்தம் 9. 1984-ல் டாம் வாட்சனின் இரண்டாவது அடி கிரீனைத் தாண்டிச் சாலைக்குப் போய்ச் சுவரோரம் நின்றது. அந்த ஆண்டுப் பட்டம் செவே பாலெஸ்டெரோஸுக்குப் போனது. 2000-ல் டேவிட் டுவால் அதே பங்கரில் நான்கு அடிகளை விட்டார்.

கடினமான ஹோல் என்றால் நல்ல ஹோல்தானே?

இல்லை. கடினத்தை உண்டாக்குவது சுலபம்: ஃபேர்வேயைக் குறுக்கு, ஓரத்து நீளப் புல்லான ரஃப்பை வளர், இரண்டு பக்கமும் தண்ணீர் வை. பார்க்க வேண்டியது, அந்தக் கடினம் முடிவெடுப்பதில் இருக்கிறதா, வெறும் அடியில் மட்டும் இருக்கிறதா என்பதை.

அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் மைதானத்தின் 13-வது ஹோல் மாஸ்டர்ஸ் போட்டியில் பல ஆண்டுகளாகச் சுலபமான ஹோல்களில் ஒன்று. ஆனாலும் அலிஸ்டர் மெக்கன்சியும் பாபி ஜோன்ஸும் அமைத்த அந்தப் பார்-5 (ஐந்து அடியில் முடிக்க வேண்டிய ஹோல்) உலகின் மிகச் சிறந்த ஹோல்களில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஃபேர்வே இடப்பக்கம் வளைகிறது, வளைவின் உள்பக்கம் ஓடை. ஓடையை ஒட்டி அடித்தவருக்குத் தூரமும் குறைவு, நிற்கும் தரையும் ஓரளவு சமம். பயந்து வலப்பக்கம் ஒதுங்கினால் தூரம் கூடும், பந்து காலைவிட உயரமான சரிவில் இருக்கும். அந்த நிலையிலிருந்து கிரீனுக்கு முன்னால் மறுபடி குறுக்கிடும் அதே ஓடையைத் தாண்ட வேண்டும். மூன்று அடியில் வர நினைப்பவரை ஹோல் தடுக்கவில்லை. இரண்டு அடியில் வர நினைப்பவரின் நெஞ்சைத்தான் சோதிக்கிறது.

சாக்ராஸின் தீவு கிரீன் பற்றி என்ன சொல்வது? அதை எல்லோரும் கொண்டாடுகிறார்களே?

அமெரிக்காவில் புளோரிடாவின் டி.பி.சி. சாக்ராஸ் மைதானத்தின் 17-வது ஹோல், 137 கெஜம், பார்-3. பீட் டை அமைத்தது. மைதானம் 1980-ல் திறக்கப்பட்டது. முதலில் அந்தக் கிரீனின் ஒரு பக்கம் மட்டும் குளம் இருப்பதாகத்தான் திட்டம். அந்தச் சதுப்பு நிலத்தில் நல்ல மணல் கிரீன் அமைய வேண்டிய இடத்தைச் சுற்றித்தான் கிடைத்தது. மற்ற ஃபேர்வேகளுக்காக அதைத் தோண்டித் தோண்டி எடுத்ததில் பெரிய பள்ளம் மிஞ்சிவிட்டது. சுற்றிலும் தண்ணீர் விட்டுக் கிரீனைத் தீவாக்கிவிடலாம் என்று சொன்னவர் பீட் டையின் மனைவி ஆலிஸ் டை. அவரும் சிறந்த ஆட்டக்காரர், வடிவமைப்பாளர்.

தேர்வு என்று பார்த்தால் இங்கே எதுவுமில்லை. கிரீனில் விழ வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர். குறைந்த தூரம் அடிக்கிறவர் பத்திரமாக ஒதுங்க ஓரங்குல நிலமும் கிடையாது. அப்படியும் பெரிய போட்டியின் கடைசிக்கு முந்தைய ஹோலாக அது வேலை செய்கிறது. முன்னால் இரண்டே அடியில் எட்டக்கூடிய பார்-5, பின்னால் இடப்பக்கம் முழுக்கத் தண்ணீரோடு ஒரு பார்-4. நடுவே கையில் ஒரு சிறிய அயர்ன் (இரும்பு மட்டை), காற்று, ஆயிரக்கணக்கான கண்கள். அந்த இடத்தில் அது பொருந்துகிறது. அதைப் பார்த்து உலகமெங்கும் போட்ட நகல்கள்தான் எனக்கு வருத்தம். புகைப்படத்துக்காக ஒரு தீவு, அதில் வார இறுதி ஆட்டக்காரர் பை நிறையப் பந்தை இழந்துவிட்டுப் போகிறார்.

பார்-3 ஹோலில் ஒரே ஓர் அடிதானே? அதில் தேர்வு எப்படி வரும்?

தாராளமாக வரும். கலிஃபோர்னியாவின் சைப்ரஸ் பாயிண்ட் 16-வது ஹோலைப் பாருங்கள். கடலைத் தாண்டி 220 கெஜத்துக்கு மேல் அடிக்க வேண்டும். அது நடக்காத காரியம், பார்-4 ஆக வைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சு முதலில் இருந்தது. அமெரிக்க மகளிர் அமெச்சூர் பட்டம் வென்ற மேரியன் ஹாலின்ஸ் பந்தை வைத்து அடித்து, இன்று கிரீன் இருக்கும் இடத்திலேயே விழவைத்துக் காட்டினார். அந்தப் பெருமை அவருக்கே என்று மெக்கன்சியும் சொல்லியிருக்கிறார். சாக்ராஸுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இடப்பக்கம் இருக்கும் நிலம். முடியாதவர் அங்கே அடித்து வைத்துவிட்டு, சின்ன அடி ஒன்றில் கிரீனுக்கு வந்து மூன்றோ நான்கோ எடுக்கலாம்.

ரெடான் இன்னொரு வகை. ஸ்காட்லாந்தின் நார்த் பெரிக் மைதானத்தின் 15-வது ஹோலின் பெயர் அது. கிரிமியப் போர்க் காலத்துக் கோட்டை அரண் ஒன்றிலிருந்து வந்தது. கிரீன் முன் வலப்பக்கத்திலிருந்து பின் இடப்பக்கமாகக் குறுக்கே கிடக்கிறது, அதே திசையில் சரிகிறது. இடது முன்பக்கம் ஆழமான பங்கர். கொடி இடப்பக்கம் இருந்தால் நேரே பங்கரைத் தாண்டி அடிக்கலாம். அல்லது கிரீனின் வலது பக்க மேட்டில் பந்தை விழவைத்து, சரிவு தானே இடப்பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்க விடலாம். அல்லது முன்னாலேயே நிறுத்திவிட்டு உருட்டலாம். ஓர் அடிக்குள் மூன்று வழி. சார்ல்ஸ் பிளேர் மெக்டொனால்ட் இதை நியூயார்க் அருகே நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸின் 4-வது ஹோலாக மறுபடி கட்டினார். நார்த் பெரிக்கில் ஒரு மேடு மறைப்பதால் கிரீன் சரியாகத் தெரியாது, இங்கே தெளிவாகத் தெரியும். மூலத்தைவிட நகல் சிறந்தது என்று சொல்பவர்கள் உண்டு, நானும் அந்தப் பக்கம்தான்.

அகஸ்டாவின் 12-வது ஹோல் இன்னும் நுட்பமானது. 155 கெஜம், முன்னால் ரேஸ் கிரீக் என்ற ஓடை, தகடு போல ஒடுங்கிய கிரீன். கிரீனின் வலது பாதி இடது பாதியைவிடத் தள்ளி இருக்கிறது. வலக்கை ஆட்டக்காரர் பந்தை இழுத்துவிட்டால் அது இடப்பக்கம் அதிக தூரம் போகும். விலக்கிவிட்டால் வலப்பக்கம் குறைவாகப் போகும். அதாவது அவருடைய தவறுகள் விழும் கோடும் கிரீன் கிடக்கும் கோடும் நேர் எதிராக இருக்கின்றன. இடக்கைக்காரருக்கு இரண்டும் ஒத்துப்போகின்றன. மேலே சுழலும் காற்று வேறு. 2016-ல் முன்னிலையில் இருந்த ஜோர்டன் ஸ்பீத் இங்கே இரண்டு பந்துகளைத் தண்ணீரில் விட்டு 7 எடுத்தார். 2019 கடைசி நாளில் மொலினாரி, கெப்கா, ஃபினாவ், போல்டர் என்று முன்னணியில் இருந்தவர்கள் வரிசையாகத் தண்ணீரில் போட்டார்கள். டைகர் உட்ஸ் வலப்பக்கக் கொடியைக் கண்டுகொள்ளாமல் கிரீனின் இடப்பக்கமாகப் பார்த்து அடித்து, பார் எடுத்து, பட்டத்தையும் எடுத்தார். தேர்வு அங்கேயும் இருந்தது. கொடி ஆசைகாட்டியதால் மற்றவர்களுக்கு அது கண்ணில் படவில்லை.

குட்டையான பார்-4 ஹோல்களைச் சிலர் ஏன் இவ்வளவு புகழ்கிறார்கள்?

எட்டக்கூடிய தூரத்தில் கிரீன் இருந்தால் மனம் தடுமாறும். லாஸ் ஏஞ்சலஸின் ரிவியேரா மைதானத்தில் ஜார்ஜ் தாமஸ் அமைத்த 10-வது ஹோல் 315 கெஜம்தான். இன்றைய தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு அதிக தூரம் அடிக்கும் டிரைவர் மட்டைகூட வேண்டாம். ஆனால் கிரீன் ஒடுங்கியது, கோணலாக வைக்கப்பட்டது, சுற்றிலும் பங்கர். ஃபேர்வேயின் இடப்பக்கம் வைத்துவிட்டு வந்தால் கிரீன் ஓரளவு திறக்கும். வலப்பக்கம் இருந்து வந்தால் பங்கரைத் தாண்டி, நம்மைவிட்டு விலகிச் சரியும் மெல்லிய பட்டையில் பந்தை நிறுத்த வேண்டும். அநேகமாக நிற்காது. உலகின் முதல் வரிசை ஆட்டக்காரர்கள் இந்தக் குட்டை ஹோலில் ஐந்தும் ஆறும் எடுத்துத் தலையில் கைவைப்பதைப் பார்க்கலாம்.

ஃபேர்வேயின் நடுவில் பங்கர் வைப்பது தவறில்லையா? நல்ல அடிக்குத் தண்டனை ஆகிறதே?

நடுவில் விழுவது நல்ல அடி என்று யார் சொன்னது? ஓல்டு கோர்ஸின் 16-வது ஹோலில் பிரின்சிபல்ஸ் நோஸ் என்ற பங்கர் கூட்டம் ஃபேர்வேயில் நட்டநடுவே இருக்கிறது. அதன் இடப்பக்கம் அகலமான, பத்திரமான இடம். வலப்பக்கம் பங்கருக்கும் எல்லைக்கோட்டுக்கும் நடுவே ஒரு சந்து. அதில் அடித்தவருக்குக் கிரீன் நன்றாகத் திறக்கும். பங்கர் அங்கே இல்லாவிட்டால் எல்லோரும் யோசிக்காமல் அடித்துவிட்டுப் போவார்கள்.

நான் குறை சொல்வது வேறு பங்கரை. டீயிலிருந்து 160 கெஜத்தில் ஓரமாக ஒன்று இருக்கும். நன்றாக ஆடுபவர் அதைப் பார்க்கவே மாட்டார். வயதானவரும் புதிதாக ஆடுபவரும்தான் தினமும் அதில் விழுவார்கள். ஏற்கெனவே திணறுபவரை மேலும் திணறவைப்பதைத் தவிர அதற்கு வேலை இல்லை. அதைக் கண்டால் தயங்காமல் எழுதுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத இலக்கை நோக்கி அடிக்கவைப்பது குறைதானே?

ஒரு மைதானத்தில் எல்லா ஹோலும் அப்படி இருந்தால் குறை. ஒன்றிரண்டு இருந்தால் எனக்குப் பிடிக்கும். அயர்லாந்தின் லஹிஞ்ச் மைதானத்தில் டெல் என்ற பார்-3 ஹோலில் மணல்மேடுகளுக்கு நடுவே கிரீன் முழுக்க ஒளிந்திருக்கிறது. கொடி எந்தத் திசையில் என்பதைக் காட்ட மேட்டின் மேல் ஒரு வெள்ளைக் கல் வைத்திருப்பார்கள், குழி மாறும்போது கல்லும் இடம் மாறும். அடித்துவிட்டு மேட்டில் ஏறிப் பந்து எங்கே என்று பார்க்கும் அந்த ஆவலைச் சமதளக் கிரீன் எதுவும் தராது. இப்படிப்பட்ட ஹோல் அநியாயம்தான், ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு அநியாயம். அதோடு, ஒருமுறை ஆடியவருக்கு அடுத்த தடவை அது புதிர் இல்லை.

மரங்கள்?

அழகுக்காக நட்டு, வளர்ந்த பிறகு ஹோலையே மூடிவிட்ட மரங்கள்தான் பல மைதானங்களின் பெரிய சிக்கல். ஹென்றி ஃபவுன்ஸ் 1903-ல் அமைத்த அமெரிக்காவின் ஓக்மான்ட் மைதானம் திறந்த வெளியாக இருந்தது. பிற்பாடு ஆயிரக்கணக்கில் மரம் நட்டார்கள். 1990-களில் தொடங்கி அவற்றை வெட்டி எடுத்தபோது உறுப்பினர்களிடையே பெரிய சண்டையே நடந்தது. மரம் போனதும் பழைய கோணங்கள் திரும்ப வந்தன, காற்றும் வந்தது. மரம் வெட்டச் சொல்ல யாருக்கும் மனம் வராது, எனக்கும்தான். இருந்தாலும் ஒரு மரம் ஃபேர்வேயின் பாதியை அடைத்து ஒரே ஒரு வழியை மட்டும் மிச்சம் வைத்தால் அதைச் சொல்லத்தான் வேண்டும்.

வடிவமைப்பின் குறை எது, பராமரிப்பின் குறை எது?

இதைப் பிரிக்காத விமர்சனம் அடிபட்டுப் போகும். 2004 அமெரிக்க ஓப்பன் ஷின்னகாக் ஹில்ஸ் மைதானத்தில் நடந்தது. அதன் 7-வது ஹோல் ரெடான் வகை. கடைசி நாளில் கிரீன் அவ்வளவு காய்ந்து இறுகிவிட்டது. சரிவில் பந்து நிற்கவே இல்லை. காலையில் முதலில் வந்தவர்கள் மூன்று அடி கூடுதலாக எடுத்துவிட்டுப் போனார்கள். ஆட்டத்துக்கு நடுவிலேயே தண்ணீர் தெளிக்க வேண்டியதாயிற்று. அதற்கு வடிவமைத்தவரைத் திட்டுவது சரியாகாது. மெதுவான கிரீன்களின் காலத்தில் போட்ட சரிவு அது. புல்லை இன்றைய அளவுக்கு ஒட்ட வெட்டி, தண்ணீரையும் நிறுத்தினால் எந்தச் சரிவும் தாங்காது.

இதேபோல, முன்பக்கம் உருட்டி ஏற்றுவதற்காக அமைத்த கிரீன் வாசலில் தண்ணீர் விட்டுவிட்டுச் சேறாக்கியிருந்தால், அந்த ஹோலின் பாதித் தேர்வு அங்கேயே செத்துவிடும். காகிதத்தில் ஹோல் பழையபடியே இருக்கும்.

இப்போது எல்லோரும் அதிக தூரம் அடிக்கிறார்களே, பழைய ஹோல்களை இன்னும் மெச்ச வேண்டுமா?

மெச்சலாம், ஆனால் எந்த டீயிலிருந்து என்று குறிப்பிட்டு மெச்சுங்கள். ரோடு ஹோலின் டீயை 2010-ல் பின்னால் தள்ளி 495 கெஜமாக்கினார்கள். அகஸ்டா 13-வது ஹோலை 2023-ல் 510-லிருந்து 545 கெஜத்துக்கு நீட்டினார்கள், ஏனென்றால் வளைவின் மேலேயே அடித்துத் தாண்டிவிட்டுக் கையில் சின்ன அயர்னோடு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். நீட்டுவதற்கு நிலமும் பணமும் உள்ளவர்களால் இது முடியும். நிலம் இல்லாத மைதானம் என்ன செய்யும்? பந்தின் தூரத்தையே கட்டுப்படுத்துவது நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

நம் பக்கத்து மைதானங்களை இந்த அளவுகோலில் பார்க்கலாமா?

கட்டாயம். நிலத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 7,000 அடிக்கு மேலே இருக்கிறது. காற்று லேசு, பந்து கூடுதல் தூரம் போகும், ஏற்ற இறக்கம் அதைக் கூட்டும் குறைக்கும். ஸ்கோர் கார்டில் போட்டிருக்கும் தூரத்தை வைத்து மட்டும் அங்கே ஒரு ஹோலை எடைபோட்டால் தப்பாகிவிடும். கொழும்பு ராயல் கோல்ஃப் கிளப்பின் மைதானத்துக்கு நடுவே களனிவெளி ரயில் பாதை போகிறது. அதைத் தடையாக மட்டும் பார்க்காமல், எந்த ஹோலில் அது தேர்வை உண்டாக்குகிறது, எதில் வெறுமனே குறுக்கே கிடக்கிறது என்று பிரித்துப் பாருங்கள்.

எனக்கு ஹேண்டிகேப் 24, அதாவது சுமாரான ஆட்டக்காரர்தான். நான் சொல்வதை யார் கேட்பார்கள்?

நன்றாக ஆடுபவருக்குத் தெரியாத பல விஷயங்கள் உங்களுக்குத் தெரியும். பள்ளத்தைத் தாண்ட 180 கெஜம் வேண்டும் என்பது அவருக்கு ஒரு தகவல், உங்களுக்கு அது ஒரு சுவர். சுற்றிப் போக வழி இருக்கிறதா, அந்த வழியில் போனாலும் ஆட்டம் சுவையாக இருக்கிறதா என்று உங்களால்தான் சொல்ல முடியும். மெக்கன்சி, தான் சுமாரான ஆட்டக்காரராக இருந்த காலத்தில்தான் தன் சிறந்த மைதானங்கள் பலவற்றை அமைத்தார்.

ஒரே தடவை ஆடிவிட்டு எழுதலாமா?

எழுதலாம், ஆனால் அன்று காற்று எந்தப் பக்கம், குழி கிரீனில் எங்கே, தரை ஈரமா காய்ந்திருந்ததா, எந்த டீ என்று நான்கையும் குறிப்பிட்டு எழுதுங்கள். முடிந்தால் கூட ஆடியவர்களின் பந்து எங்கே விழுந்தது, அங்கிருந்து அவர்களுக்கு என்ன தெரிந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மட்டைப் பை சுமந்து வரும் கேடி (caddie) இருந்தால் இன்னும் நல்லது. எந்தப் பங்கரில் தினமும் ஆள் விழுகிறார்கள், குழி எந்த மூலையில் இருந்தால் எல்லோரும் புலம்புகிறார்கள் என்று அவரிடம் கேளுங்கள். அப்புறம் கூட்டம் இல்லாத நேரத்தில், பந்து மட்டை எதுவும் இல்லாமல், கிரீனிலிருந்து டீ வரை ஒருமுறை பின்னோக்கி நடந்து பாருங்கள். அனுமதி வாங்கிக்கொண்டு, எதிரே ஆட்கள் அடித்துக்கொண்டு வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு.